ஒழுகுவது ஓரிடம், ஓட்டை வேறிடம்: வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து சுவரெல்லாம் காயத் தொடங்கும்போதுதான் சீலிங்கில் உள்ள கறைகள் கண்ணை உறுத்தும். சென்னை அடுக்ககங்களில் இருந்து வந்த கேள்விகளுக்குக் கட்டுமானப் பொறியாளர்களும் பிளம்பிங் வல்லுநர்களும் தரும் பதில்கள் இவை.

கேள்வி: மடிப்பாக்கத்தில் நான்கு மாடி அடுக்ககம். எங்களுடையது இரண்டாவது மாடி. ஹால் சீலிங்கில், பாத்ரூம் சுவரை ஒட்டித் தாம்பாளம் அளவுக்கு ஈரம் படர்ந்திருக்கிறது. மேல்வீட்டு மாமி, "எங்க பாத்ரூம் காய்ஞ்சுதான் கிடக்கு, வேணும்னா வந்து பாருங்கோ" என்கிறார். பிளம்பரோ மொத்தத் தரையையும் உடைக்கணும் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். மாமி பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. டைல்ஸின் மேல்பக்கம் காய்ந்து கிடக்கும்போதே அடியில் தண்ணீர் தேங்கியிருப்பது சாதாரணம். பழைய அடுக்ககங்களில் பாத்ரூம் தளத்தை மற்ற அறைகளைவிட முக்கால் அடி முதல் ஓர் அடி வரை தாழ்த்திப் போட்டிருப்பார்கள். மேஸ்திரிகள் 'சங்கன்' என்பது இதைத்தான். அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் பதித்து, உடைந்த செங்கல்லைக் கொட்டி நிரப்பி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். அந்தச் செங்கல் ஜல்லி பஞ்சு மாதிரி. குடித்த தண்ணீரை நாள்கணக்கில் வைத்திருந்து மெல்ல மெல்லக் கீழே விடும். "ஊருக்குப் போய் நாலு நாள் வீடு பூட்டிக் கிடந்தபோதும் ஒழுகிச்சே, அப்போ எங்க வீட்டுத் தண்ணி இல்லை" என்ற வாதம் இதனால்தான் செல்லாது.

செலவில்லாத வேலையில் இருந்து தொடங்குங்கள். கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் புதுக் கோடு போடுங்கள். காலைக் குளியல் முடிந்த ஓரிரு மணி நேரத்தில் ஈரம் கூடி, மாலையில் மங்கினால் சந்தேகம் தரை மீதும் கழிவுநீர்க் குழாய் மீதும் போக வேண்டும். யாரும் புழங்காத இரவிலும் அதே வேகத்தில் வளர்ந்தால் தொட்டியில் இருந்து வரும் நல்ல தண்ணீர்க் குழாயைச் சந்தேகியுங்கள். மழை நாளில் மட்டும் வந்தால் பாத்ரூமை விட்டுவிட்டு வெளிச்சுவரையும் குழாய்கள் இறங்கும் சந்துப் பகுதியையும் பாருங்கள்.

அடுத்து குழாய்ச் சோதனை. மொட்டை மாடியில் அந்த வீட்டுக்கான கேட் வால்வை மூடி, பாத்ரூம் குழாய் வாய்களை அடைத்து, கை பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். பிளம்பிங் ஒப்பந்தக்காரர்களிடம் மானி பொருத்திய பம்ப் இருக்கும். உங்கள் கட்டடத்தில் மேல்வீட்டுக் குழாயில் இருப்பது தொட்டியின் உயர அழுத்தம் மட்டும்தான். அது சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தொடாது. 2 முதல் 3 கிலோ ஏற்றி அரை மணி நேரம் முள் இறங்காமல் நின்றால் குழாய் நல்ல குழாய். வீரம் காட்டி 5, 6 கிலோ ஏற்றினால் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் இல்லாத ஓட்டையும் பிறக்கும்.

குழாய் தேறிவிட்டால் தரைச் சோதனை. பழந்துணியைப் பாலித்தீன் பையில் சுற்றி நானி டிராப்பின் (தரைத் தண்ணீர் வடியும் குழியின்) வாயை இறுக்கமாக அடையுங்கள். தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, நான்கு மூலையிலும் பென்சிலால் மட்டத்தைக் குறியுங்கள். 24 மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் காற்றில் போனது என்று விட்டுவிடலாம். அரை அங்குலம் குறைந்து, கீழே பென்சில் கோடும் தாண்டப்பட்டிருந்தால் தரை வழியாகத்தான் இறங்குகிறது. ஆனால் துணி அடைப்பு கசிந்தாலும் மட்டம் குறையும், அதை முதலில் சரிபாருங்கள். மட்டம் அசையவே இல்லை என்றால் அடைப்பை எடுத்துவிட்டு, டிராப்புக்குள் மூன்று வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். அதன் பிறகு கீழே ஈரம் கூடினால் குற்றவாளி டிராப்பின் இணைப்போ அதற்குக் கீழே உள்ள குழாயோதான். தண்ணீரில் கேசரிப் பவுடர் கலந்து பார்க்கும் வழக்கம் உண்டு. நிறம் வந்தால் முடிவு உறுதி. வராவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, ஜல்லியே நிறத்தை வடிகட்டிவிடும்.

இந்த மூன்று சோதனைகளையும் மாமியை வைத்துக்கொண்டே செய்யுங்கள். மட்டக்கோடு இறங்கியதை அவரே பார்த்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: மேற்படிச் சோதனைகளைச் செய்து பார்த்ததில் பாத்ரூம் தரைதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. உடைக்காமல் சரிசெய்ய வழியே இல்லையா? கீழ்வீட்டுக்காரர் அவசரப்படுத்துகிறார். (கொளத்தூர் வாசகி)

பதில்: ஒரு வழி உண்டு. அதை ஒழுங்காகச் செய்து பார்த்துவிட்டு, பலிக்காவிட்டால் உடையுங்கள்.

டைல்ஸ் இடுக்குகளில் அடைத்திருக்கும் வெள்ளை சிமென்ட் சில வருடங்களில் அரித்துப் போகும். ஆசிட் ஊற்றிக் கழுவும் வீடுகளில் இன்னும் சீக்கிரம். அந்த இடுக்குகளைக் கீறி எடுத்துவிட்டு எபாக்ஸி நிரப்பினால் மேலோட்டமான கசிவு நின்றுவிடும். 1 அடி டைல், 3 மி.மீ. இடுக்கு என்றால், 5-க்கு 7 அடி பாத்ரூமின் தரைக்கும் 3 அடி உயரச் சுவருக்கும் சேர்த்து 3 கிலோ போதும். பல வீடுகளில் இடைவெளியே விடாமல் டைல்ஸை நெருக்கி ஒட்டியிருப்பார்கள். அங்கே மெல்லிய பிளேடு போட்ட கட்டரால் 3 மி.மீ. அகலம், 5 மி.மீ. ஆழமாவது வெட்டித் திறக்க வேண்டும். மேலே தடவிவிட்டுப் போனால் ஒரு மாதத்தில் உரிந்து வரும்.

இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் ஈரத்தால். காலையில் குளித்துவிட்டு மதியம் எபாக்ஸி அடைக்கச் சொல்வார்கள். ஈர இடுக்கில் அது பிடிக்காது. இரண்டு நாள் பாத்ரூமைப் புழங்காமல் ஃபேன் வைத்து உலர்த்த வேண்டும். கலந்த எபாக்ஸி அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கல்லாகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். அடைத்த பின் ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. டிராப்பின் ஜாலியைக் கழற்றி, டைல்ஸும் டிராப்பும் சேரும் வட்டத்தையும், கம்மோடின் அடியையும் சேர்த்து அடையுங்கள். தவறுவது அந்த வட்டத்தில்தான். பிவிசி குழாயோடு சிமென்ட் ஒருபோதும் ஒட்டாது. கட்டியபோது ஒட்டியது மாதிரி தெரிந்தாலும், குழாய் வெந்நீரில் விரிந்து சுருங்கும்போது தலைமுடி அளவு இடைவெளி விட்டுவிடும்.

பதினைந்து நாள் கழித்தும் கீழே ஈரம் வளர்ந்தால் உடைப்பதைத் தவிர வழியில்லை. உடைப்பது என்று முடிவெடுத்தபின் அரைகுறையாக உடைக்காதீர்கள். டிராப்பைச் சுற்றி மட்டும் இரண்டடிக்கு உடைத்து ஒட்டுப்போட்டால், புதுப் பூச்சும் பழைய பூச்சும் சேரும் கோட்டில் மறுபடியும் இறங்கும். தரை டைல்ஸ் முழுவதும், சுவரில் கீழ் ஓரடியும், ஷவர் இருக்கும் பக்கம் ஆறடியும் எடுத்து, ஜல்லியை அள்ளி, கான்கிரீட் தெரியும்வரை போக வேண்டும். ஈரமான அந்த ஜல்லியைத் திரும்பக் கொட்டவே கூடாது.

தளத்தைக் கழுவிப் பார்த்தால் குழாய் துளைத்துக்கொண்டு போகும் இடம் கண்ணுக்குத் தெரியும். அதைச் சுற்றி ஓர் அங்குல அகலம், ஓர் அங்குல ஆழத்துக்கு உளியால் கொத்தி, சுருங்காத கிரவுட் கலவையை ஊற்றி நிரப்ப வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையில் இரண்டு அங்குலத்துக்கு வளைவாகக் கோவிங் வைக்க வேண்டும். செங்கோண மூலையில் எந்தப் பூச்சும் விரிசல் விடும். பிறகு, சிமென்ட் பொடியும் பாலிமர் திரவமும் தனித்தனியாக வரும் இரட்டைக் கலவைப் பூச்சு. தளம் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது. முதல் கோட் ஒரு வாக்கில், நான்கைந்து மணி நேரம் கழித்து இரண்டாவது கோட் குறுக்கு வாக்கில். ஒரு கோட்டுக்குச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கணக்கு. மூலைகளிலும் குழாயைச் சுற்றியும் இரண்டு கோட்டுக்கும் நடுவே கண்ணாடி இழை வலையைப் பதிக்க வேண்டும். சுவரில் ஓரடி உயரம் வரை, ஷவர் இருக்கும் பக்கம் ஆறடி வரை ஏற்றுங்கள்.

நான்கு நாள் காயவிட்டு, டைல்ஸ் ஒட்டும் முன்பே, 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். மேஸ்திரி "அதெல்லாம் தேவையில்ல சார்" என்றால் மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பள்ளத்தை நிரப்ப எடை குறைந்த ஏஏசி கல் (காற்றுத்துளைகள் கொண்ட கான்கிரீட் கல்) துண்டுகள் நல்லது. முடிந்தால் பள்ளத்தின் அடிமட்டத்தில் ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்றைக் குழாய்ச் சந்துக்குள் நீட்டிவிடுங்கள். பின்னாளில் டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் சேர்ந்தால் கீழ்வீட்டு சீலிங்குக்குப் போகாமல் அந்த வழியே சொட்டி உங்களுக்குத் தகவல் சொல்லும். மேல்தரையில் 5 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் (சரிவு) வேண்டும்.

கேள்வி: ஃபேன் மாட்டியிருக்கும் கொக்கி வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது. நேர் மேலே மேல்வீட்டின் பெட்ரூம்தான், குழாயே கிடையாது. எப்படி? (வேளச்சேரி வாசகர்)

பதில்: முதலில் அந்த அறைக்கான எம்சிபியை (மெயின் பெட்டியில் உள்ள மின்துண்டிப்பு சுவிட்சை) இறக்குங்கள். வாளி வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஈரம் பட்ட ஃபேனையும் அந்த ஸ்விட்ச் போர்டையும் தொட வேண்டாம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரன்டைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால் இதைச் சாக்காக வைத்தாவது போட்டுவிடுங்கள்.

கான்கிரீட் போடும்போதே மின்கம்பிக்கான பிவிசி பைப்புகளைத் தளத்துக்குள் புதைத்துவிடுவார்கள். எல்லாம் ஃபேன் பெட்டியில் வந்துதான் திறக்கும். தளத்தில் எங்கே தண்ணீர் இறங்கினாலும் அதற்கு எளிதான சாலை அந்தப் பைப்தான். பத்து பன்னிரண்டு அடி தள்ளியிருக்கும் பாத்ரூமில் இருந்துகூட உங்கள் ஃபேனுக்கு வந்து சேரும். ஆகவே ஃபேனுக்கு நேர் மேலே உடைத்துத் தேடாதீர்கள். எலக்ட்ரீஷியனை வைத்துப் பெட்டியைத் திறந்து, எந்தப் பைப் வாயில் ஈரம் என்று பாருங்கள். அது போகும் திசையில்தான் ஓட்டை இருக்கும். கசிவு நின்று, கம்பிகளை உருவி மாற்றிய பிறகே கரன்ட் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பிளாக்கில் மேல்மாடி வீடுகள் இரண்டும் மழைக்கு ஒழுகுகின்றன. மொட்டை மாடி 1,000 சதுர அடி, 1990-களில் போட்ட தட்டோட்டுத் தளம். ஒருவர் 'வெள்ளை வாட்டர்புரூஃப் பெயின்ட் மூன்று வாளி அடித்தால் போதும்' என்கிறார். இன்னொருவர் பழைய தளத்தின் மேலேயே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டுப் புது டைல்ஸ் பதிக்கலாம் என்கிறார். எது சரி? (குரோம்பேட்டை, குடியிருப்போர் சங்கம்)

பதில்: இரண்டும் தப்பு. இரண்டாவது ஆபத்தும்கூட.

கணக்கைப் பாருங்கள். 1,000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். இரண்டு அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிலோ. மொத்தம் 11 டன். ஆட்கள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்கு இந்திய தர நிர்ணயப்படி கணக்கில் எடுக்கும் நடமாட்டச் சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். அதில் முக்கால் பங்குக்கு மேல் நிரந்தரமாக ஏற்றி உட்கார வைக்கிறீர்கள், அதுவும் முப்பது வருடம் ஈரம் குடித்த கம்பியின் மீது. போதாக்குறைக்கு, பழைய தளத்துக்குள் சிக்கிய தண்ணீர் மேலே போக வழியில்லாமல் கீழேதான் வரும்.

பெயின்ட் கதை வேறு. சரக்கில் குறை இல்லை, அளவில்தான் குறை. அக்ரிலிக் பூச்சு காய்ந்த பிறகு 1 மி.மீ. கனம் நின்றால்தான் விரிசலோடு சேர்ந்து இழுபடும். அதற்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்குக் குறையக் கூடாது. உங்கள் மாடிக்கு 20 கிலோ வாளி ஒன்பது, பத்து வேண்டும். மூன்று வாளியைத் தண்ணீர் விட்டு இழுத்தால் அடுத்த சித்திரை வெயிலில் அப்பளம் மாதிரி உரியும். ஒப்பந்தம் பேசும்போது சதுர அடி விலையை மட்டும் கேட்காமல், எத்தனை வாளி இறங்கும் என்று எழுதி வாங்கி, காலி வாளிகளை எண்ணுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் அக்ரிலிக் ஊறிப்போகும், அங்கே பாலியுரித்தேன் வகைதான் தாங்கும்.

எந்தப் பூச்சுக்கும் முன்னால் தளத்தைப் பரிசோதியுங்கள். ஒரு மரக்கட்டையால் ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே போனால் பிடிமானம் விட்ட இடம் பொக்குச் சத்தம் தரும். சாக்பீஸால் குறியுங்கள். ஹோஸ் வைத்து மாடி முழுக்க நனைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் தேங்கி நிற்கும் குட்டைகளையும் குறியுங்கள். பொக்கு அங்கங்கே மட்டும் இருந்தால் அந்த ஓடுகளை மாற்றி, மற்ற ஓடுகளின் இடுக்குகளை 10 மி.மீ. ஆழம் கீறி, பாலிமர் கலந்த 1:3 சிமென்ட்-மணல் கலவையால் அடைத்து, அதன்மேல் பூச்சுக்குப் போகலாம். பெரும்பகுதி பொக்கு என்றால், அடியில் உள்ள சுண்ணாம்பு ஜல்லியும் பொடிந்திருக்கும். அப்போது கான்கிரீட் வரை முழுத் தளத்தையும் பெயர்த்தெடுத்துப் புதிதாக வாட்டம் போடுவதுதான் நேர்மையான வேலை. பெயர்த்த குப்பையை மாடியில் ஒரே மூலையில் குவிக்காமல் அன்றன்றைக்கே இறக்குங்கள், அதுவும் டன் கணக்குதான்.

ஓட்டை பெரும்பாலும் நடு மாடியில் இருக்காது. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டிக் கட்டையின் அடி, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். சமீப காலமாக நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: டிஷ் ஆன்டெனாவுக்கும் சோலார் பேனலுக்கும் தளத்தைத் துளைத்து இறக்கிய போல்ட்டுகள். பேனல் தாங்கிகளைத் துளைக்காமல் கான்கிரீட் கட்டைகளில் நிறுத்தச் சொல்லலாம்.

குழாய்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் நாலங்குலக் குழாய் ஒன்று சுமார் 430 சதுர அடி மாடிக்குத்தான் ஈடுகொடுக்கும். உங்களுக்குக் குறைந்தது மூன்று வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது உங்கள் பக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 செ.மீ. அந்தக் கணக்கில் உங்கள் மாடியில் விழுந்தது 45,000 லிட்டர். அதில் ஒரு குழாயின் வாயை வேப்பிலை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மாசி முதல் சித்திரைக்குள் வேலையை முடியுங்கள். தளம் காய்ந்ததா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளுக்கு அடியில் முத்து முத்தாக வேர்த்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். அக்ரிலிக் பூச்சைக் காலை வெயில் ஏறும் முன்போ மாலையிலோ அடிக்க வேண்டும். கொதிக்கும் தளத்தில் அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து கொப்புளம் விடும்.

கேள்வி: பெசன்ட் நகரில் 35 வருடப் பழைய கட்டடம். பெட்ரூம் சீலிங்கில் காரை பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிறது. கொத்தனார் சிமென்ட் பூசி, பட்டி போட்டு, பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார். போதுமா?

பதில்: போதாது. கட்டிலை அந்த இடத்தில் இருந்து இன்றே நகர்த்துங்கள்.

நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மை கம்பியைத் துரு பிடிக்காமல் காக்கிறது. வருடக்கணக்கில் காற்றும் ஈரமும் புகுந்து அந்தக் காரம் தணிந்தாலோ, கடற்கரையின் உப்புக்காற்று உள்ளே போனாலோ கம்பி துருவேறும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடித்து விழுகிறது. துருவின் மேலேயே சிமென்ட் பூசினால் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும், அடுத்த முறை பெரிய பாளமாக விழும்.

கம்பியை உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பு தெரிந்த பின் வெர்னியர் காலிப்பரால் அளக்கச் சொல்லுங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது. அந்த அளவு என்றால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். அதை முடிவு செய்யக் கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும், கொத்தனார் அல்ல. புதிதாகக் கொத்திய இடத்தில் அவர் பினாப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்ப்பார். இளஞ்சிவப்பாக மாறினால் அங்கே காரம் உயிரோடு இருக்கிறது. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தாண்டியிருந்தால் விழுந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

சரியான வேலை இப்படி இருக்கும். கீழே இரும்பு ஜாக்கி முட்டு கொடுப்பார்கள். கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு, முக்கால் அங்குலம் போலக் கான்கிரீட்டைக் கொத்தி எடுப்பார்கள். கம்பியைச் சுற்றிலும் துரு நீக்கித் துருத்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்து, ஒட்டுப்பூச்சு காயும் முன்பே பாலிமர் கலவையை அரை அரை அங்குலமாக அடுக்கிக்கொண்டு வருவார்கள். ஒரே தடவையில் அப்பினால் தன் எடையாலேயே இறங்கிவிடும். இவ்வளவும், மேலிருந்து வரும் தண்ணீரை நிறுத்திய பிறகுதான்.

கேள்வி: மேல்வீட்டைத் தொடவே வேண்டாம், கீழேயிருந்து சீலிங்கில் ஊசி போட்டுக் கசிவை நிறுத்துகிறோம், பத்து வருட கேரண்டி என்கிறது ஒரு நிறுவனம். நம்பலாமா? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: முறை பொய்யில்லை. விரிசலின் இரு பக்கமும் சாய்வாகத் துளையிட்டு, பேக்கர் எனப்படும் முனைகளைப் பொருத்தி, பாலியுரித்தேன் பிசினை அழுத்தத்தில் செலுத்துவார்கள். தண்ணீர் பட்டதும் அது நுரைத்து விரிந்து அடைத்துக்கொள்ளும். நிலத்தடித் தொட்டிச் சுவர், பேஸ்மென்ட், கான்கிரீட் இரண்டு கட்டமாகப் போட்ட இணைப்பு ஆகிய இடங்களில் அருமையாக வேலை செய்யும்.

பாத்ரூம் சங்கனுக்குக் கீழே கதை வேறு. இங்கே அடைத்தால் மேலே தேங்கிய தண்ணீர் இரண்டடி தள்ளி வேறு வழி தேடும். அது வரவே இல்லையென்றாலும், தண்ணீர் தளத்தின் மீதே நின்று கம்பியைத் தின்றுகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஐந்தங்குலத் தளத்தில் கண்மூடித் துளைத்தால் கம்பியும் வயர் பைப்பும் அடிபடும். மேல்வீட்டுக்காரர் கதவே திறக்காத நிலையில் தற்காலிக நிவாரணமாக வேண்டுமானால் செய்யலாம். எத்தனை பேக்கர் என்று எண்ணிப் பணம் கொடுங்கள், கால் பங்கை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். கேரண்டித் தாளைவிட அந்தக் கால் பங்குக்கு மரியாதை அதிகம்.

கேள்வி: செலவை யார் ஏற்க வேண்டும்? மேல்வீட்டுக்காரர் சங்கத்தைக் கை காட்டுகிறார், சங்கம் அவரைக் கை காட்டுகிறது. (பெரம்பூர் வாசகி)

பதில்: சோதனை முடிவுதான் பில்லையும் தீர்மானிக்கும். மொட்டை மாடி, வெளிச்சுவர், எல்லா வீட்டுக்கும் பொதுவாக இறங்கும் கழிவுநீர்க் குழாய் ஆகியவை பொதுப்பகுதி. சங்க நிதியில் இருந்து செய்ய வேண்டும். மொட்டை மாடி ஒழுகினால் மேல்மாடிக்காரர் மட்டும் செலவழிக்கட்டும் என்பது பல கட்டடங்களில் நடக்கும் அநியாயம். ஒரு வீட்டுக்குள் பதிந்த குழாய், அந்த வீட்டின் பாத்ரூம் தரை, டிராப் ஆகியவற்றை வழக்கமாக அந்த உரிமையாளரே சரிசெய்ய வேண்டும், கீழ்வீட்டு சீலிங்குக்கு ஆன சேதமும் அவர் கணக்கில்தான் வரும். உங்கள் பத்திரத்திலும் சங்க விதிகளிலும் இது எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் இயற்றிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் சங்கத்தின் விதிகள் அதற்கு ஏற்ப மாற்றப்பட்டிருக்கின்றனவா என்றும் செயலாளரைக் கேளுங்கள்.

வாய்ச்சண்டை வேண்டாம். தேதியிட்ட பென்சில் கோடுகளின் படங்கள், சோதனை நடந்த நாள், இருவர் கையெழுத்து, பொறியாளரின் ஒரு பக்க அறிக்கை, இவற்றோடு எழுத்தில் கடிதம் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவரிடம் சொல்லிப் பயனில்லை, உரிமையாளருக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கேள்வி: வீடு கைக்கு வந்து மூன்றே வருடம். அதற்குள் மூன்று பாத்ரூம்களும் ஒழுகுகின்றன. பில்டர் 'ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டது' என்கிறார். (சிறுசேரி வாசகர்)

பதில்: அவர் கொடுத்த வாரண்டித் தாள் ஒருபுறம் இருக்கட்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளில் இருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்து, அதை நீங்கள் பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டியது அவர் கடமை. செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். திட்டம் பதிவு பெற்றதா என்று தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்தின் தளத்தில் பார்த்துக்கொண்டு, எழுத்துபூர்வமான நோட்டீஸை ஐந்து வருடம் முடியும் முன்பே அனுப்பிவிடுங்கள். முக்கியமாக, அதற்கு முன் நீங்களே ஆள் வைத்து உடைத்துவிடாதீர்கள். 'நீங்கள் கை வைத்ததால்தான் ஒழுகுகிறது' என்று சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுத்தது போலாகும்.

கேள்வி: மே மாதத்தில் மட்டும் பெட்ரூம் சீலிங் ஓரத்தில் ஈரம். மழையும் இல்லை, பாத்ரூமும் பக்கத்தில் இல்லை.

பதில்: மேல்வீட்டு ஏசி. சென்னைப் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் கக்கும். அதன் வடிகுழாயைச் சுவருக்குள் பதித்திருந்து, அடைத்தோ கழன்றோ இருந்தால் இப்படித்தான் வரும். ஓர் இரவு அந்த ஏசியின் வடிகுழாய் வழியாக ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, வெளி முனையில் ஒரு குவளையும் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கசிவை நிறுத்தியாகிவிட்டது. பெயின்ட் எப்போது அடிக்கலாம்?

பதில்: உப்புப் பூத்த பெயின்டையும் பட்டியையும் முதலில் சுரண்டி எடுத்துவிடுங்கள், அது மேலே இருக்கும்வரை உள்ளே காயாது. வெள்ளை உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும். ஃபேனைப் போட்டு மூன்று நான்கு வாரம் விடுங்கள். மேலே சொன்ன பாலித்தீன் தாள் சோதனையைச் சீலிங்கிலும் செய்து பாருங்கள். வேர்க்கவில்லை என்றால் பட்டி வைக்கும் முன் எண்ணெய் வகைக் கறைத்தடுப்பு பிரைமர் ஒரு கோட். நேராக டிஸ்டெம்பர் அடித்தால் பழைய பழுப்பு வட்டம் இரண்டே நாளில் திரும்ப எட்டிப் பார்க்கும், நீங்களும் இன்னும் ஒழுகுவதாக நினைத்து மேல்வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்.